பதினான்கு கிலோ

படிவத்தில் பெயர் இருக்காது.
ஓர் எண், ஒரு பட்டைக்கோடு,
அப்புறம் எடை:
14.0

கிலோவுக்கு இருபது இலட்சம் செல்.
(குருத்தணு என்று நாளிதழில் எழுதுவார்கள்.
இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை.)
நான் பெருக்குவதற்குள் தம்பி பெருக்கிவிட்டது:
இரண்டு கோடியே எண்பது இலட்சம்.

தம்பி என்பது
கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் எந்திரக் கை.
பெயர் வைத்தவள் சூ லின்.
அறுபது வயதிலும் என் அப்பாவைக்
காப்பிக் கடையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்
என்று நான் அவளிடம் சொல்லவில்லை.
அவள் ஆசையாகத்தான் கூப்பிடுகிறாள்.
எனக்கும் பழகிவிட்டது.

பதினொரு வருடம், இதே பாயான் லெப்பாஸில்,
சில்லுத் தொழிற்சாலையில்
இதன் அண்ணன்மாரைப் பார்த்துக்கொண்டேன்.
அவை கொத்தித் துப்பும் வேகம்.
இது அப்படி இல்லை.
குடுவையைத் தூக்கும், சாய்க்கும்,
பழைய நீரை உறிஞ்சும்,
இளஞ்சிவப்பு ஊட்டநீரைச் சுவரோரமாக வழியவிடும்.
நேராக ஊற்றினால்
ஒட்டியிருப்பவை பெயர்ந்துவிடுமே.
அந்த நிதானம் ஹஃபிஸாவின் மணிக்கட்டு.
மூன்று வாரம் கையில் உணரி கட்டிக்கொண்டு
அவள் ஊற்றினாள், அது கற்றது.
இப்போது அவள் பிரசவ விடுப்பில்.
அவள் மணிக்கட்டு மட்டும்
இரவு வேலைக்கு வருகிறது.

முன்பெல்லாம் தைப்பூசத்தன்றும் ஒருத்தி வந்தாகவேண்டும்.
செல்லின் பசிக்கு விடுமுறை ஏது?
நான்தான் வருவேன்.
தண்ணீர்மலைக்குப் போகும் பஸ் முழுக்க மஞ்சள்.
எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில்
நானும் ஓட்டுநரும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் நெத்திலிக் கூட்டம்,
ஒரே நீரோட்டத்தில் ஒரே பக்கம் திரும்பினாற்போல்.
பக்கத்தில் இருப்பது தொட்டதும்
பெருகுவதை நிறுத்திவிடும்.
அதற்குமுன் பெயர்த்துப்
புதுக் குடுவைக்கு மாற்றவேண்டும்.
அந்த நேரத்தைக் கமெரா சொல்லும்.
நாங்கள் கொட்டாவி விடுவோம்.

பதினான்கு கிலோ என்றால்
பெரியவர் இல்லை.
கடையில் ஐந்து கிலோ அரிசிப் பை மூன்றைச்
சேர்த்துத் தூக்கிப் பார்த்தேன்.
ஒரு கிலோ அதிகம்.
காசாளர் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இரண்டாம் வாரம் அதே எண்.
13.6
மூன்றாம் வாரம்
13.1
எட்டு இலட்சம், பிறகு பத்து இலட்சம்
கணக்கில் குறைத்துக்கொண்டது தம்பி.
அதற்கு என்ன, வேலை மிச்சம்.

அந்த வாரம்தான் அதிகாலை மூன்று பத்துக்கு
ஆறாம் குடுவையில் கை நின்றது.
மணி அடித்தது.
உடைத்து ஊற்றிய முட்டைபோல்
அகன்று படர்ந்து கிடந்தன செல்கள்.
வயதாகிவிட்டவை.
திரையில் ஒரு கேள்வி: கழிக்கவா?
இதை மட்டும் அது தானாகச் செய்யக்கூடாது,
மனிதக் கை வேண்டும் என்று விதி.
கையுறைக்குள் என் விரல் வியர்த்திருந்தது.
அழுத்தினேன்.
எண்ணிப் பார்த்ததில்
மற்றக் குடுவைகள் ஈடுகட்டின,
நாலு இலட்சம் மிச்சத்தில்.
அதுவரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திங்கள் நண்பகலுக்குள் வரும் படிவம்
நாலாம் வாரம் வரவில்லை.
மருத்துவமனையைக் கேட்க எனக்கு அனுமதியில்லை.
சூ லின்னிடம் கேட்டேன்.
அவளுக்கும் இல்லை.
வேறு எண்களுக்கு ஊட்டினோம்.
ஒரு முழங்காலுக்கு, ஒரு கருவிழிக்கு.

செவ்வாய் இரவு, சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தபோது
திரை விழித்தது.
அதே எண்.
13.4

தம்பி ஒன்றும் கேட்கவில்லை.
ஆறு இலட்சம் கூட்டிக்கொண்டது,
முதல் குடுவையைத் தூக்கியது.
அப்போது சரக்கு விமானம் ஒன்று
தாழப் பறந்து இறங்கியது.
கண்ணாடி அதிர்ந்தது.
அந்த அதிர்வு அடங்கும்வரை
ஊற்றாமல், சாய்த்த வாக்கிலேயே
காத்திருந்தது கை.